ஆமென் சொல்வதற்குள்

"நிறுத்துங்கம்மா! அங்கேயே நிறுத்துங்க!"

லாசரஸ் போட்ட சத்தத்தில் வித்யாவின் விரல் திரையை அழுத்தியது. டேப்லட்டில் ஓடிக்கொண்டிருந்த படம் சட்டென்று உறைந்தது.

கறுப்பு வெள்ளையில் ஃபேரர் பார்க் மைதானம். கோல் கம்பங்களுக்கு நடுவே ஒட்டடைக் குச்சிபோல ஒருவன். அது லாசரஸ். பந்துக்குச் சற்றுப் பின்னால், இடுப்பில் கை வைத்து, மாப்பிள்ளை முறுக்கோடு இன்னொருவன். அது கோவிந்தசாமி.

பெனால்டி. நடந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆடியவர்களில் இப்போது மிச்சம் இவர்கள் இருவர்தான்.

குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்து முதியோர் நிலையத்தில் புதன்கிழமைதோறும் விளையாட்டு நினைவு நேரம். பழைய ஆட்டங்களைத் திரையில் காட்டிப் பெரியவர்களைப் பேசவைப்பார்கள். வழக்கமாக நடத்தும் தாரணிக்குப் படத்தை எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியும். அவர் விடுப்பில் போனதால் வித்யா வந்திருந்தார். இன்றுதான் முதல்முறை.

"இன்னும் பந்தையே அடிக்கலையே, அங்கிள்?"

"நான் கோல் வாங்கினதை நானே உட்கார்ந்து பார்க்கணுமா? பிரஷர் மாத்திரை வேற போடல. கதையா சொல்றேன், போதும் லா."

இந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்ததே லாசரஸ்தான். எப்போதோ மைத்துனர் எடுத்த ஃபிலிம் சுருளைத் தேடிப் பிடித்து, டேப்லட்டில் ஓடும்படி மாற்றி, உட்லண்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்து, சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட புண்ணியவான்.

காரணம் எதிரே சக்கர நாற்காலியில் இருந்தது.

கோவிந்தசாமிக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் மனைவி சந்திரமதியின் பெயர் போனது. பேச்சும் நின்றுவிட்டது. ஆனால் இந்தப் படத்தைப் பார்த்து, லாசரஸின் கதையையும் கேட்டால் பழைய ஆள் எட்டிப் பார்ப்பார். ஏதாவது பேசுவார். பேசினால் கஞ்சியைத் தானே அள்ளிக் குடிப்பார். பேசவில்லை என்றால், யார் ஊட்டினாலும் வாய் திறக்காது.

இன்று இன்னும் பேசவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

லாசரஸ் எழுந்தார். ஒட்டடைக் குச்சியாகக் காட்டிக்கொள்ளத் தொந்தியை உள்ளே இழுத்தார். அது ஒத்துழைக்கவில்லை.

"கோவிந்து ஓடி வர்றான். கீப்பர் என்ன பண்ணணும்? பந்தைப் பார்க்கணும். இந்தக் கீப்பர் என்ன பண்ணான்? சிலுவை போட்டான்! பிதான்னு நெத்தி. சுதன்னு நெஞ்சு. அவசரமா சிலுவை போட்டா பாவம்னு எங்க ஞானோபதேச டீச்சர் சொல்லியிருக்காங்க. அதனால மெதுவா, பக்தியா, இடது தோளுக்குப் போறேன். பந்து வலது பக்கமா என்னைத் தாண்டிப் போகுது. ஆமென் சொல்றதுக்குள்ள கோல்!"

கூடம் சிரித்துக் குலுங்கியது.

ஞானோபதேச டீச்சர் இந்த வாரம்தான் கதையில் சேர்ந்தவர். சிலுவையே போன மாதத்து வரவு. அதற்கு முன்பெல்லாம் லாசரஸின் கண்ணில் பூச்சி விழுந்துகொண்டிருந்தது.

"ஆண்டவனே அன்னைக்கு கோவிந்து டீம்ல ஆடியிருக்கான் லா!" என்றார் பக்கத்து நாற்காலி ஒலி முகம்மது. அவர் அந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை. அதனாலென்ன, அவர் குரல்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கேட்டது.

கோவிந்தசாமியின் உதடு அசைந்தது.

லாசரஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வாடா, வா. ஒரு வார்த்தை.

உதடு மறுபடி மூடிக்கொண்டது.

கோலைத் திரையிலேயே பார்த்துவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று வித்யாவுக்குத் தோன்றியிருக்கவேண்டும். திரையைத் தட்டி, டேப்லட்டைக் கோவிந்தசாமியின் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

திரையில் மாப்பிள்ளை ஓடி வரத் தொடங்கினான்.

லாசரஸ் பாய்ந்தார்.

எழுபத்தைந்து வயது. ஒரு முழங்கால் ஆஸ்பத்திரி வைத்தது. மற்றது எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்யக் காத்திருப்பது. இரண்டையும் மறந்து, இரு கைகளையும் நீட்டி, காற்றில் படுத்தார். வித்யாவின் கையிலிருந்து டேப்லட் பறந்தது. இரண்டு நாற்காலிகள் சாய்ந்தன. பூனை பாய்வதுபோல் இருந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். பார்த்தவர்களுக்கு அலமாரி சரிந்ததுபோல் இருந்தது.



"டேய் லாசர்!"

கரகரத்த குரல். எல்லோரும் திரும்பினார்கள்.

கோவிந்தசாமி சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் பழைய கிண்டல். "இந்தப் பாய்ச்சலை அன்னைக்குப் பாய்ஞ்சிருந்தா பந்தைப் பிடிச்சிருப்பியேடா, மடையா!"

கூடம் அதிர்ந்தது. கோவிந்தசாமியும் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே கஞ்சிக் கிண்ணத்தை இழுத்து, கரண்டியை எடுத்தார்.

டேப்லட் வித்யாவின் காலடியில் மல்லாந்து கிடந்தது. உடையவில்லை. அவர் குனிந்து எடுத்தார்.

படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒட்டடைக் குச்சியை நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவன் பந்தை நெஞ்சோடு கட்டிப்பிடித்திருந்தான். பின்னால், பெனால்டி அடித்த இடத்தில், முகத்தைப் பொத்திக்கொண்டு ஒருவன் மண்டியிட்டிருந்தான்.

"என் கோலைப் பார்த்தியாம்மா?" கோவிந்தசாமி கேட்டார். மீசையெல்லாம் கஞ்சி.

வித்யா கீழே பார்த்தார். லாசரஸ் தரையில் கிடந்தபடி, இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணாலேயே கெஞ்சினார்.

வித்யா திரையை அணைத்தார்.

"பார்த்தேன், அங்கிள். கீப்பர் அசையவே இல்ல."