வேருக்கு மண் எதற்கு?

“எனக்குத் தனிக்குடித்தனம் வேணும், அத்தை.”

இதை மட்டும் வாய்தவறிக்கூடக் கேட்டுவிடாதே என்று, பெற்றவள் கல்யாணத்தன்றே சொல்லி அனுப்பியிருந்தாள்.

“ஆர்க்கிட் செடிக்கு என் புள்ள மண்ணு போட்டதுக்கா இத்தனை ஆட்டம்? வேர் அந்தரத்துல தொங்குதேன்னு பாவப்பட்டு மூடினான்” என்றார் மாமியார்.

“அந்த வேருக்குக் காத்துதான் சோறு, மூடினா அழுகிடும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். ‘என் வீட்டுல எதை எப்படி வளர்க்கணும்னு எனக்குத் தெரியும்’னார். ஒரு தொட்டியைத் தவிர அத்தனையும் மொட்டோட அழுகிப்போச்சு.”

“அதுக்காக அவனை என்கிட்டேருந்து பிரிச்சுக் கூட்டிட்டுப் போகப் பார்க்கிறியா?”

“யார் கூட்டிட்டுப் போறா? அவரை நீங்களே வச்சுக்குங்க. வெயில் படாம பார்த்துக்குங்க.”

பிழைத்திருந்த ஒரே தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நேற்றே வாங்கி வைத்திருந்த புது வீட்டுச் சாவியோடு மருமகள் படியிறங்கினாள்.