முதல் கப் காபி

"முதல் கப்பை அந்தம்மாவுக்கா தரப் போறீங்க?"

கூடத்தில் இருந்த விருந்தாளிகள் காதில் விழாமல் பல்லைக் கடித்தாள் வின்டா.

அப்பா தெக்லே வாயைத் திறக்கவில்லை. மூச்சை மட்டும் சட்டென உள்ளே இழுத்தார். எரித்ரியாக்காரர்களுக்கு அதுதான் 'ஆமாம்'.

"வாயைத் திறந்து சொல்லுங்கப்பா! இந்த மூச்சாலதானே அன்னிக்குக் கவுந்தோம்?"

உண்மைதான். வின்டா சின்னப் பெண்ணாக இருந்தபோது டொராண்டோவில் அகதி விசாரணை. "சிறையில அடிச்சாங்களா?" என்று அதிகாரி கேட்க, அப்பா மூச்சை இழுத்தார். மொழிபெயர்ப்பாளர் இருந்ததோ தொலைபேசியில். அவருக்கு அது எங்கே கேட்கும்? 'பதில் இல்லை, ஆகவே பொய்' என்று மனுவைத் தள்ளிவிட்டார் அதிகாரி.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. இவர்களை ஊருக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று அரசுத் தரப்பில் கறுப்பு அங்கியோடு வந்து நின்றவர்தான், இன்று விருந்தாளியாகக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த பிலோமினா. கோர்ட் வராந்தாவில் அம்மாவின் கோட்டுக்குள் ஒடுங்கியபடி அவரை முறைத்தது வின்டாவுக்கு இன்னும் மறக்கவில்லை. அம்மா இப்போது இல்லை. தங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த நாளில் வருஷா வருஷம் விருந்து வைப்பதை மட்டும் அப்பா விடவில்லை.

வறுத்த காபியின் புகை கூடமெல்லாம் பரவியது. அம்மாவின் மண் கூஜாவோடு வின்டா நேரே, அன்று தங்களுக்காக வாதாடிய வக்கீல் லோர்னிடம் போனாள்.

"அங்கிள், அந்த மூச்சுக்கு அர்த்தம் சொல்லி எங்களைக் காப்பாத்தினவர் நீங்க. முதல் கப் உங்களுக்குத்தான்."

"நானா? உங்கப்பாவுக்கு ஆஸ்துமான்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!"

"அப்போ யாரு?"

லோர்ன் எதிர் நாற்காலியில் இருந்த பிலோமினாவைக் காட்டினார். "என் வாதம் எல்லாம் தோத்துக்கிட்டிருந்துச்சு. இவங்கதான் உங்கப்பாவோட விசாரணை ஒலிப்பதிவைக் கேட்டுட்டு வந்திருந்தாங்க. எழுந்து, 'மூச்சை இழுத்தே இவர் பதில் சொல்லியிருக்கார். புரியலைன்னா திருப்பிக் கேட்டிருக்கணும். கேக்காமலே பொய்யன்னு எழுதினது நியாயமான விசாரணை இல்லை. வேற அதிகாரி முதல்லேருந்து விசாரிக்கட்டும்'னாங்க. ஜட்ஜே அசந்துட்டார்."

வின்டா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ எப்போ கேட்டே?" என்றார் தெக்லே. "வேலையில இருக்கிறவரை உங்க வீட்டுல ஒரு வாய்க் காபிகூடக் குடிக்க மாட்டேன்னுட்டாங்க. இப்பத்தான் ரிட்டயர் ஆனாங்க."

வின்டா பிலோமினா பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்படி ஆன்ட்டி அது தெரிஞ்சுது?"

பிலோமினா ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் நியூஃபவுண்ட்லாந்து மீனவர் பொண்ணும்மா. அப்பா கடல்லேருந்து நடுங்கிக்கிட்டே வருவார். 'டீ தரட்டுமாப்பா'ம்பேன்... பதிலுக்கு இதே மூச்சுதான். அவர் போய் எத்தனையோ வருஷம் கழிச்சு, அந்த ஒலிப்பதிவுலதான் அவரைத் திரும்பக் கேட்டேன்."

வின்டா அவர் எதிரே மண்டியிட்டாள்.

"முதல் கப் உங்களுக்கு ஊத்தட்டுமா?"

பிலோமினா வாயைத் திறக்கவில்லை. மூச்சை மட்டும் சட்டென உள்ளே இழுத்தார்.