கண்ணாடிச் சட்டம்

குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நேரம். மைன்ஸ் ஆபீசில் கழித்துப்போட்ட தாள்களில் ஏகாம்பரம் எழுதி, பத்திரிகைகள் திருப்பியனுப்பிய கதைக்கட்டுகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடத் துடித்தாள் மனைவி கனகவல்லி. அந்த நேரம் பார்த்து, மியூசியத்துக்காகப் பழைய தாள்களைத் தேடிச் சென்னையிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து இறங்கினார்.

ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பொக்கிஷம் சார்! கண்ணாடிச் சட்டம் போட்டு மியூசியத்துல மாட்டப்போறோம்.”

“பாத்தியா?” மனைவியைப் பார்த்து மீசையை முறுக்கினார் ஏகாம்பரம். “எந்தக் கதைய சார் முதல்ல மாட்டுவீங்க?”

“கதையா?” அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். “பின்னால இருக்கு பாருங்க, மைன்ஸோட ஆரம்பகால ஷிப்ட் ரிப்போர்ட். வேற எங்கயுமே கெடைக்கல சார்!”

“அப்ப என் கதை?”

“அது பத்திரமா சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கும்.”

கனகவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“யாருமே படிக்கலன்னு பொலம்பிக்கினு இருந்தீங்களே, இனிமே செவுராவது படிக்கட்டும்!”