சத்தம் போடாத சில்லு

“தம்பி, நிப்பாட்டு. காது வெடிக்குது.”

மேல்மாடி வீட்டு யன்னலில் இம்மாகுலேற் அன்ரியின் தலை தெரிந்தது. கீழே, கல் பதித்த நடைபாதையில் கீர்த்தனன் ஸ்கேட்டை நிறுத்தினான்.

“அரை மணித்தியாலம்தான் அன்ரி.”

“நேற்றும் இதைத்தான் சொன்னனீ. நாற்பத்தொரு வயசில காலில சில்லைக் கட்டிக்கொண்டு கடகடவெண்டு ஓடுறாய். பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?”

“இங்கை பாக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?”

“நான் இருக்கிறன்.”

அவன் ஸ்கேட்டை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

“ஓட வேணுமெண்டால் பார்க்கில, புல்லுக்குள்ளை போய் ஓடு.”

“புல்லில இந்தச் சின்னச் சில்லு உருளாது அன்ரி.”

“அப்ப பெரிய சில்லாப் போடு. கௌசியும் இந்தச் சத்தம் தாங்கேலாமல்தான் விட்டிட்டுப் போனவள் போலை.”

மனைவியின் பெயரைக் கேட்டதும் கீர்த்தனன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

பண்டகசாலையில் நாள் முழுக்கப் பெட்டி அடுக்குகிறவன். மாலையில் ஓடும் அந்த அரை மணித்தியாலம்தான் அவனுக்கு மூச்சு. அதை விடவும் முடியாது. அந்தப் பேச்சை இன்னொரு தடவை கேட்கவும் முடியாது.

பக்கத்திலுள்ள லூயிஷாமில் யாரோ வாசலில் எறிந்திருந்த குழந்தை வண்டிகள் இரண்டைத் தூக்கிவந்தான். காற்றடித்த சில்லு, ஒரு காலுக்கு இரண்டு. பழைய ஏணியின் அலுமினியச் சட்டத்தை அறுத்து, நடுவில் சப்பாத்தை இறுக்கி, முன்னுக்கொன்று பின்னுக்கொன்றாகச் சில்லைப் பூட்டினான். முதல் தடவை ஏறி நின்றபோது ஆணி வளைந்தது. தடித்த ஆணி போட்டான். இடது சட்டம் ஒரு நூல் சரிந்திருந்தது. கழற்றித் திரும்பவும் பூட்டினான்.

“உதென்ன ஒவ்வொரு நாளும் அறுக்கிறாய்?” மேலேயிருந்து குரல் வந்தது.

“நீங்கள் சொன்ன பெரிய சில்லு அன்ரி.”

“நான் பகிடிக்குச் சொன்னால்...” என்று தொடங்கிய அன்ரி யன்னலை விட்டு உள்ளே போனார்.

மூன்றாவது ஞாயிறு வேலை முடிந்தது.

பார்க்கில் அது வேர், சேறு, புல் எல்லாவற்றிலும் ஏறிப் போனது. துளிச் சத்தமில்லை. முதல் இரண்டு நாளும் அவனுக்குப் பெரிய நிம்மதி. நாலாம் நாள், இவ்வளவு அமைதி எதற்கு என்று தோன்றியது. வேலையில் ‘மோர்னிங்’, கடையில் ‘தாங்க்ஸ்’. அந்த வாரம் அவன் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லும் வரவில்லை.

சனிக்கிழமை சில்லில் முள் ஏறிக் காற்றுப் போனது. மனம் கேட்கவில்லை. பழைய ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு பயந்து பயந்து நடைபாதையில் இறங்கினான்.

எலும்பைக் குத்தும் குளிர். கட்டடத்தில் எல்லா யன்னல்களும் பூட்டிக் கிடந்தன. ஒன்றைத் தவிர.

‘எப்ப பிடிக்கலாமெண்டு காவல் இருக்கிறா மனிசி’ என்று நினைத்துக்கொண்டு சுவரோரமாக உருட்டினான். கடகட கடகட.

“ஆரது, கீர்த்தனனே?”

“ஓம் அன்ரி. பெரிய சில்லு காத்துப் போயிட்டுது. இண்டைக்கு மட்டும்தான். நாளைக்கு ஒட்டிப்போடுவன்.”

“கண்ணாடியெல்லாம் அதிருது. மனிசர் இருக்கேலாது.”

“இந்தா, கழட்டிறன்.”

குனிந்து வாரில் கை வைத்தான்.

“நில்லு. கழட்டாதை.”

நிமிர்ந்து பார்த்தான். வீட்டுக்குள் இருக்கிற மனிசி தடித்த கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. யன்னலோடு ஒட்டிப் போட்ட கதிரையின் முதுகு தெரிந்தது. அதன்மேல் நாலாய் மடித்த போர்வை.

“ஒரு கிழமையா எங்கை போனனீ?”

“பார்க்குக்குத்தான் அன்ரி. நீங்கள்தானே சத்தமெண்டு...”

“சொன்னனான்தான். அதுக்காண்டி?”

அவன் வாரிலிருந்து கையை எடுத்தான்.

அன்ரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழைய கோபக் குரலிலேயே கேட்டார்:

“அந்தப் பெரிய சில்லு கிடக்கட்டும். நாளைக்கு எத்தினை மணிக்குச் சத்தம் போட வருவாய்?”