ருசியக்காவின் தீர்ப்பு

"உப்பு சரி. மிளகு மட்டும் ஒரு சிட்டிகை தூக்கல்" என்று ருசியக்கா அடித்துச் சொன்னாள். எதிரே இருந்த மேலாளர் "அதேதான்" என்று தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அந்தக் கோழி நக்கெட் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக அவள் நாக்கு சொன்னதுதான் சட்டம். போன வருடம் வந்த மேலாளருக்கும் அபாரமான நாக்கு என்று பேச்சு. அக்கா சொன்னதற்கு மாறாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

உண்மையில் அக்காவின் நாக்கு ஆறு மாதமாக வேலைக்கே வரவில்லை. ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது வாசனையையும் ருசியையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. தினமும் காலையில் கலவைக் கூடத்தில் மசாலா அளவு எழுதிய சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அதில் இருப்பதையே ருசிபோல ஒப்பித்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி இருந்தது.

மேலாளர் வேறு இரண்டு தட்டுகளை நகர்த்தி வைத்தார். "இப்பதான் முக்கியமான வேலை. புதுச் சேர்மானம் ரெண்டு. எதுல என்ன இருக்குன்னு சீட்டை மேலிடத்துல பூட்டி வெச்சிட்டாங்க. நாம எதைச் சொல்றோமோ அதுதான் கடைக்குப் போகும்."

ருசியக்கா தட்டுகளைத் தன் பக்கம் இழுத்தாள். ஒன்றைக் கடித்தாள், மொறுமொறுவென்றிருந்தது. மற்றதும் அப்படியே. அதற்குமேல் ஒரு மண்ணும் தெரியவில்லை.

"முதல்ல நீங்க சொல்லுங்க சார்."

"அனுபவம் உங்களுக்குத்தானே அக்கா, நீங்களே சொல்லுங்க." மேலாளர் ஒரு நக்கெட்டைப் பிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்தார். "இதைக் கண்டுபிடிச்சவர் ஒரு பேராசிரியர், தெரியுமா? அறுபது வருஷம் முன்னாடி. காப்புரிமைகூட வாங்காம செய்முறையை ஊருக்கே குடுத்துட்டாரு."

"அரைச்ச கறி உதிராம நிக்கணும், மேல ஒட்டுன மாவு எண்ணெயில கழண்டுடக் கூடாது. அது ரெண்டும்தான் அவருக்குத் தலைவலியாம்" என்று அக்காவும் தன் பங்குக்கு இழுத்தாள்.

பேராசிரியரும் தீர்ந்துபோனார். தட்டுகள் ஆறிக்கொண்டிருந்தன.

"சொல்லுங்கக்கா. ஒண்ணா, ரெண்டா?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடலாம்தான். தப்பாகிப்போய் சரக்கு திரும்பி வந்தால், பொரிக்கும் பிரிவில் இருக்கிற நாற்பது பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நினைத்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை, கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிடுங்க சார். ஆறு மாசமா எனக்கு ருசியே தெரியலை. நான் உளறுனா உங்க நாக்கு கண்டுபிடிச்சிடும்னு ஒரு தைரியத்துலதான் இருந்தேன். நீங்களே சாப்பிட்டுப் பாத்து முடிவு பண்ணிடுங்க. நான் ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன்."

மேலாளரின் முகம் வெளிறிப்போனது. அவசரமாக எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுங்கக்கா. நான் சைவம்."