ஈயம் வைக்காத முடிச்சு

மொட்டைமாடிச் சுவரில் ஒரு காலை ஊன்றி, அறுந்து ஆடிக்கொண்டிருந்த கம்பியை அவர் எட்டிப் பிடித்தார்.

போயே விட்டது. போகாமல் என்ன செய்யும்?

மேலே ஏரியல். அங்கிருந்து கீழே ரேடியோ அறை ஜன்னல்வரை இரட்டைத் தாமிரக் கம்பி, தண்டவாளம்போல. ஒரு காலத்தில் இரண்டும் அறுந்தபோது, அவரும் இந்த வீட்டுக் கோமதிநாயகமும் இதே மாடியில் நின்று ஆளுக்கு ஒரு ஜாயிண்ட் போட்டார்கள்.

அவருடையது ஈயம் உருக்கி வைத்தது. வழவழவென்று இருக்கும்.

நாயகம் போட்டதில் ஈயமே கிடையாது. வெறும் முறுக்கு. சாக்குமூட்டை கட்டுகிறவன்கூட இதைவிட லட்சணமாகக் கட்டுவான்.

"ஈயம் வச்ச எடத்துல கம்பி வெறைச்சுப் போவும்வே. காத்துல ஆடி ஆடி அங்கனயே ஒடியும்."

ஹாம் ரேடியோ கிளப்பில், எல்லார் முன்னாலும் நாயகம் சொன்ன வார்த்தை. பெரிய விஞ்ஞானி! "உம்ம முறுக்குத்தான்வே மொதல்ல அத்துப்போவும்" என்று இவரும் திருப்பிக் கொடுத்தார்.

அன்றோடு பேச்சு நின்றது. பதினோரு வருஷம்.

காலையில், வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஹாம்கள் ஊர் ஊராக அலைவரிசையில் கூடி, ஒவ்வொருவராக வருகை சொல்வார்கள். நாயகத்தின் முறை வந்தால் இவர் முகத்தைச் சுளிப்பார். தொண்டையில் கஞ்சியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல்.

கேட்டுவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவார்.

ஆடிக் காற்று ஓங்கி அடித்த நாளிலிருந்து அந்தக் குரல் வரவில்லை. அவருக்கு இட்லி இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான் என்று சொல்லிக்கொண்டார்.

நேற்று நாயகத்தின் மனைவி ஆவுடையம்மாள் போன் செய்தாள். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு அந்த ரேடியோ ஒன்றுதான் பேச்சுத்துணையாம். கம்பி அறுந்ததிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாராம். மாடியேற ஆளில்லையாம்.

இதோ, இவர் வந்துவிட்டார். உதவி செய்யவா? சீச்சீ. 'நான் அன்னைக்கே சொன்னேன்ல' என்று அந்த மூஞ்சிக்கு நேராக ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அதற்குத்தான்.

கம்பியின் முனையைக் கண்ணருகே கொண்டுவந்தார்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ஈயம்.

ஈயம் முடிகிற இடத்தில், பிசிறு பிசிறாகக் கறுத்து ஒடிந்திருந்தது. தன்னுடைய ஜாயிண்ட்.

பக்கத்துக் கம்பியில் நாயகத்தின் முறுக்கு பச்சை பூத்துக் கிடந்தது. இழுத்துப் பார்த்தார். மொத்தப் பாரத்தையும் போட்டு இழுத்தார்.

அசையவில்லை, சனியன்.

மாடியில் யாரும் இல்லை. ஒரு காக்கை இருந்தது. அதற்கு ரேடியோ தெரியாது.

பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார்.

முறுக்குக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு. அந்தப் பக்கம் ஒரு வெட்டு.

பிறகு இரண்டு கம்பியிலும் புதுத் துண்டு கோத்து, ஒட்டுகள் நேருக்கு நேர் வராமல் ஏற்றி இறக்கிப் போட்டார். இறுக்கி இறுக்கி முறுக்கினார். ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்ன் பையிலேயே கிடந்தது. இந்தக் காற்றில் எங்கே சூடேறப்போகிறது என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்.

கீழே இறங்கி வந்தபோது ரேடியோ இரைய ஆரம்பித்திருந்தது. நாயகம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார்.

வெட்டியெடுத்த முறுக்கை இவர் நாயகத்தின் மடியில் விட்டெறிந்தார்.

"பாத்தீராவே உம்ம லட்சணத்த? நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

பதினோரு வருஷமாக வைத்திருந்த வார்த்தை. சொல்லியாயிற்று.

நாயகம் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மெல்லத் திருப்பினார்.

இரண்டு முனையிலும் தாமிரம் புத்தம்புதுசாக மின்னியது.

இவருக்கு அப்போதுதான் உறைத்தது. காற்றில் ஒடிந்த முனை கறுத்திருக்கும். வெட்டிய முனைதான் மின்னும். எந்த ஹாமுக்கு இது தெரியாது?

ஆவுடையம்மாள் காப்பியோடு வந்தாள்.

"எங்கன அத்துருந்துச்சு அண்ணாச்சி?"

இவர் காப்பியை வாங்கி ஆற்ற ஆரம்பித்தார்.

"நான் போட்ட எடத்துலதான்," என்றது அந்தக் கஞ்சிக் குரல். "இவரு அன்னைக்கே சொன்னாருல்லா."

சொல்லிவிட்டு நாயகம், முனைகள் வெளியே தெரியாதபடி, அந்தத் துண்டைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.