பதினோரு கோப்பைகள்

"பத்து மணிக்கு வந்துடுவாங்கடா, எந்திரி." பிர்கிட்டே மகனின் போர்வையை உருவினாள்.

ராஸ்மஸுக்கு வயது இருபத்திரண்டு. நாலு மாதமாகக் கட்டிலே கதியென்று கிடந்தான். அறையில் பூசணம் பிடித்த காப்பிக் கோப்பைகள் மட்டும் பதினொன்று.

"அப்படியே இருக்கட்டும் விடும்மா."

"வர்றவங்க என்ன நினைப்பாங்க? பேசாம குளிக்கப் போ."

தலையை அவளே தேய்த்துவிட்டாள். டென்மார்க்கின் ஜனவரிக் குளிரிலும் ஜன்னலைத் திறந்து வாடை போக்கினாள். கோப்பைகளைக் கழுவி, விரிப்பை மாற்றி, ஏலக்காய் ரொட்டி சுட்டு முடிக்கையில் அழைப்புமணி அடித்தது.

நகராட்சியிலிருந்து வந்த பெண் அறையைப் பார்த்தாள். இரண்டு ரொட்டி சாப்பிட்டாள். "இன்னிக்கு என்ன தேதி?" என்று ராஸ்மஸைக் கேட்டாள். காலையிலிருந்து அம்மா ஒப்பிக்க வைத்ததை அவன் சரியாகச் சொன்னான். பிர்கிட்டேவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுவாரம் நகராட்சியின் பதில் கைப்பேசிக்கு வந்தது.

'மனநோய் வரும் அபாயம் இருப்பதாக மருத்துவர் எழுதியிருந்தாலும், நேரில் பார்த்ததில் அறையும் ஆளும் சுத்தம். நினைவும் தெளிவு. எனவே, அன்றாட வேலைகளுக்கு உதவியாளர் கேட்ட உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

கைப்பேசியோடு மகனின் அறைக்கு ஓடினாள். தரையில் மறுபடி நாலு கோப்பைகள்.

"நான்தான் அப்படியே விடச் சொன்னேனேம்மா," என்றது போர்வை.